தாலந்தைப் புதைத்தவர் யார்?

கோடை விடுமுறை தொடங்கியதும் நம் பங்குகளில் இளைஞர்களுக்கென்று ஒரு பயிலரங்கு நடத்தப்படுவது வழக்கமாகிவிட்டது. 'ஆளுமை வளர்ச்சி' என்று அதற்குப் பெயரிடுகிறோம். 'இலக்கை நோக்கி' என்றும் 'வெற்றி நமதே' என்றும் பதாகை கட்டுகிறோம். நகரிலிருந்து பயிற்றுநர் ஒருவர் வருகிறார். தொடக்கத்தில் ஒரு செபம், ஒரு பாடல். அதன்பின் மூன்று மணி நேரம் கைதட்டல். நண்பகலில் பிரியாணிப் பொட்டலம், மாலையில் சான்றிதழ். இவற்றை ஏற்பாடு செய்தவர்களுள் நாமும் இருந்திருக்கிறோம். ஆதலால் இங்கே நாம் எழுதப் புகுவது பிறர்மீது கூறும் புகார் மட்டுமன்று.

இப்பயிலரங்குகளில் தவறாமல் இடம்பெறுவது கழுகுக் கதை. நாற்பது வயதை எட்டிய கழுகு மலையுச்சிக்குச் சென்று, தன் அலகைப் பாறையில் மோதி உடைத்து, நகங்களையும் இறகுகளையும் பிடுங்கி எறிந்து, ஐந்து மாதம் வலியோடு காத்திருந்து, புத்துயிர் பெற்று மேலும் முப்பது ஆண்டுகள் பறக்கிறதாம். அலகை இழந்த கழுகு பட்டினியால் மடியும் என்பது சற்றே சிந்திக்கும் பள்ளிச் சிறுவனுக்கும் விளங்கும். திருப்பாடல் ஒன்றில் கழுகைப் பற்றிய உவமை வருவதால் இந்தக் கட்டுக்கதைக்கும் ஒரு விவிலிய மணம் ஏறிவிட்டது. ஆயின் கதை பொய் என்பதைக் காட்டிலும் அதன் உட்பொருளே நம்மை வருத்துகிறது. அந்தக் கழுகு தனித்திருக்கிறது. அதற்குத் துணையில்லை, குஞ்சில்லை, அதன் துயரைக் கேட்பாரில்லை. தன்னைத் தானே உடைத்துக்கொண்டு தன்னைத் தானே மீட்டுக்கொள்கிறது. மீட்பர் தேவைப்படாத பறவை அது! அதைத்தான் நம் ஆலய வளாகத்தில், பாடுபட்ட சுரூபத்தின் அடியில் நின்றுகொண்டு, நம் பிள்ளைகளுக்கு முன்மாதிரியாகக் காட்டுகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன், கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில் நடந்த இத்தகைய பயிலரங்கு ஒன்றில் நாமும் இருந்தோம். 'ஐந்து ஆண்டுகளுக்குப் பின் நான் எங்கே?' என்ற தலைப்பிட்ட தாள் எல்லாருக்கும் வழங்கப்பட்டது. பொறியாளர், செவிலியர், வங்கி அதிகாரி, துபாய் என்று பிள்ளைகள் எழுதிக் குவித்தார்கள். கடைசி வரிசையில் ஒரு பெண் மட்டும் எழுதவில்லை. இங்குள்ள இலங்கைத் தமிழர் முகாமைச் சேர்ந்தவள். ஏன் எழுதவில்லை என்று பயிற்றுநர் கேட்டபோது அவள் எழுந்து நின்றாள். "ஐயா, நான் இந்த ஊரில்தான் பிறந்தேன். ஆனால் எனக்குக் குடியுரிமை இல்லை, கடவுச்சீட்டு இல்லை. அரசுத் தேர்வு எழுத முடியாது. ஐந்து ஆண்டு கழித்தும் இதே முகாமில்தான் இருப்பேன் என்று நினைக்கிறேன். அதை எழுதலாமா?" என்றாள். பயிற்றுநர் சிரித்தபடியே, "எதிர்மறையாக எண்ணாதே, அம்மா. எல்லைகள் எல்லாம் மனத்தில்தான் இருக்கின்றன" என்றார். மண்டபம் கைதட்டியது. நாமும் தட்டினோம்.

எல்லை மனத்தில் இல்லை. அது சட்டத்தில் இருக்கிறது. 1987 ஜூலை 1 முதல் இந்திய மண்ணில் பிறக்கும் குழந்தை, பெற்றோருள் ஒருவரேனும் இந்தியக் குடிமகனாக இருந்தாலன்றிப் பிறப்பால் குடியுரிமை பெறுவதில்லை. 2003ஆம் ஆண்டின் திருத்தம் அந்த வாயிலை மேலும் குறுக்கியது. 2019ஆம் ஆண்டின் திருத்தம், பாகிஸ்தான், வங்காளதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து வந்த சிறுபான்மையினருக்கு, கிறிஸ்தவர் உட்பட, வழி திறந்தது. இலங்கையிலிருந்து வந்த தமிழரை அது கண்டுகொள்ளவில்லை. 1983 முதல் அலையலையாய் வந்தவர்கள் இவர்கள். தமிழகம் முழுவதும் நூற்றுக்கு மேற்பட்ட முகாம்களில் 58,000க்கும் மேற்பட்டோர் வாழ்வதாக 2021 ஆகஸ்டில் தமிழக அரசு சட்டமன்றத்தில் தெரிவித்தது. அப்போதுதான் 'அகதிகள் முகாம்' என்ற பெயர் 'மறுவாழ்வு முகாம்' என்று மாற்றப்பட்டது. 317 கோடி ரூபாயில் திட்டங்களும், 7,469 புதிய வீடுகளும் அறிவிக்கப்பட்டன. நல்ல செயலே, நன்றியுடன் குறிப்பிடுகிறோம். ஆயினும் வீடு வேறு, நாடு வேறு. இத்தனை உண்மைகளையும் சுமந்துகொண்டு எழுந்து நின்ற ஒரு பெண்ணைப் பார்த்து, 'உன் மனத்தைச் சரிசெய்துகொள்' என்று சொல்லுவதற்குத்தான் நாம் பங்கு நிதியிலிருந்து பணம் கொடுத்திருக்கிறோம்.

தன்னை வளர்த்துக்கொள்ளும் முயற்சியையே நாம் பழிப்பதாக யாரும் கருதவேண்டாம். தமிழில் இதற்கு ஒரு மதிப்புக்குரிய மரபு உண்டு. 'வாழ்க்கையில் வெற்றி' எழுதிய அப்துற்றஹீம் அவர்களின் நூல்களைக் கையில் வைத்துக்கொண்டு தெருவிளக்கில் படித்து முன்னேறியவர்கள் நம் தந்தையர் தலைமுறையில் பலர். 'எண்ணங்கள்' எழுதிய எம்.எஸ். உதயமூர்த்தி அவர்களும் அமெரிக்காவில் தாம் பெற்ற வெற்றியோடு நின்றுவிடாமல், ஊருக்குத் திரும்பி 'மக்கள் சக்தி இயக்கம்' கண்டார். எண்ணத்தில் தொடங்கியவர் ஏரி, ஆறு என்று மக்கள் நடுவே போய்ச் சேர்ந்தார். நம் பயிலரங்குகள் அந்த மரபின் முதற்பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு, இரண்டாம் பாதியை நழுவவிட்டன என்பதே நம் குற்றச்சாட்டு.

இதற்கு அரணாக நாம் நிறுத்துவது தாலந்து உவமையை. கடவுள் ஒவ்வொருவருக்கும் ஒரு திறமையைத் தந்திருக்கிறார். அதைப் புதைக்காதே, வளர்த்துக்கொள், வெற்றி பெறு. மறையுரைகளிலும் இதையே கேட்கிறோம். மறைக்கல்வி வகுப்புகளில் இதையே கற்பிக்கிறோம். அன்பர்களே, மத்தேயு நற்செய்தியின் 25ஆம் அதிகாரத்தை ஒருமுறை பொறுமையாகத் திறந்து பாருங்கள். தலைவன் பணியாளருக்குத் தாலந்துகளை எப்படிப் பகிர்கிறான்? அவரவர் திறமைக்கு ஏற்ப என்று நற்செய்தியாளரே தெளிவாகச் சொல்லுகிறார். திறமை முன்பே அவர்களிடம் இருக்கிறது; தாலந்து அதற்குப் பின்பு வருகிறது. அப்படியிருக்க, தாலந்தும் திறமையும் ஒன்றாவது எங்ஙனம்? தாலந்து என்பது ஒரு நிறை, பெருந்தொகை. ஏறத்தாழ 6,000 தெனாரியம். திராட்சைத் தோட்ட உவமையில் ஒருநாள் கூலி ஒரு தெனாரியம் என்று படிக்கிறோம் அல்லவா? அந்தக் கணக்கில் ஒரு தாலந்து என்பது கூலியாள் ஒருவரின் இருபது ஆண்டு உழைப்பு. ஆங்கிலத்தில் அச்சொல்லுக்குத் திறமை என்ற பொருள் ஏறியதே இவ்வுவமைக்கு இடைக்காலத்தில் தரப்பட்ட விளக்கத்தினால்தான். அந்தப் பொருளை இப்போது திருப்பி விவிலியத்துக்குள் நாமே கொண்டுபோய் வைக்கிறோம்.

இன்னொன்று. அந்தத் தாலந்துகள் பணியாளருடையவை அல்ல, தலைவனுடைய உடைமை. பணியாளர் பெருக்கியது தம் வாழ்வின் தரத்தை அன்று. மூன்றாமவன் செய்த குற்றம்தான் என்ன? அவன் திருடவில்லை, ஊதாரியாய்ச் செலவிடவில்லை, யாருக்கும் ஒரு தீங்கும் இழைக்கவில்லை. அஞ்சினான், தன்னைப் பத்திரப்படுத்திக்கொண்டான். ஞாயிறு தவறாமல் பூசை கண்டு, பிள்ளைகளைப் படிக்கவைத்து, வீட்டுக் கடனை அடைத்து, வம்புக்குப் போகாமல் வாழ்கிற நம்மோடு அவனை ஒப்பிட்டுப் பாருங்கள். மிகவும் தெரிந்த முகமாக இருக்கும். (கொள்ளைக்காரத் தலைவனுக்கு ஒத்துழைக்க மறுத்த நேர்மையாளன் அவனே என்று உவமையைத் தலைகீழாக வாசிக்கும் அறிஞர்களும் உளர். அவ்வளவு தூரம் நாம் போகவில்லை.) உவமை முடிந்த மறுவரியிலேயே மானிட மகன் அரியணையில் அமர்ந்து நாடுகளைப் பிரிக்கும் காட்சி தொடங்குகிறது. பசித்தவர், தாகமுற்றவர், அந்நியர், ஆடையற்றவர், நோயாளி, சிறையிலிருப்பவர். தாலந்துக் கணக்கு எங்கே ஒப்படைக்கப்படவேண்டும் என்ற முகவரியை ஆண்டவர் அடுத்த பத்தியிலேயே தந்துவிட்டார். நாம் உவமையை மட்டும் வெட்டி எடுத்துச் சுவரில் ஒட்டிக்கொண்டோம்.

திருச்சபைக்கு இந்த மயக்கம் புதிதன்று. மனிதன் தன் விருப்பாற்றலின் வலிமையினாலேயே நிறைவை அடையக்கூடும் என்று ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெலாஜியுஸ் போதித்தார். புனித அகுஸ்தினார் அதை எதிர்த்து வாதிட்டார். 418இல் கார்த்தேஜ் சங்கம் கண்டித்தது. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2018இல் புனிதத்தைப் பற்றி எழுதிய 'கௌதேத்தே எத் எக்ஸுல்தாத்தே' மடலில், புனித வாழ்வுக்கு நம் காலத்தில் மறைந்திருக்கும் இரு பகைகளுள் ஒன்றாக இதே பெலாஜியக் கொள்கையின் புதிய வடிவத்தைச் சுட்டிக்காட்டினார். மற்றொன்று, உடலும் அயலாரும் இல்லாத வெறும் அறிவு. நம் பயிலரங்குகள் இவ்விரண்டுக்கும் பந்தல் போட்டுக் கொடுக்கின்றன.

அந்நியர் யார் என்று கும்மிடிப்பூண்டியில் இருப்போர் தேடி அலையவேண்டியதில்லை. சென்ட்ரலிலிருந்து வரும் மின்சார ரயிலின் கடைசி நிறுத்தத்தில் இறங்கி, ஷிப்டு மாறும் நேரத்தில் சிப்காட் சாலையில் அரைமணி நின்றால் போதும். பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், உத்தரப் பிரதேசம் என்று பல மாநிலத்து இளைஞர்கள் கூட்டமாய் நடந்து வருவார்கள். பழைய இரும்பை உருக்கி வார்த்து, அந்த வார்ப்பை ஆயிரம் டிகிரிக்கு மேல் செந்தணலாகக் காய்ச்சி, உருளைகளுக்கிடையே செலுத்திக் கட்டடக் கம்பியாக இழுக்கிற ரோலிங் மில்களில் வேலை செய்பவர்கள் இவர்களுள் பலர். இடுக்கியால் கம்பியைப் பிடித்துத் திருப்பிவிடுகிறவனுக்கும், பாம்பைப் போல் சீறி வரும் அந்தச் செங்கம்பிக்கும் இடையே இருப்பது சில அடி தூரமே. நம் வீட்டு மேல்தளத்தில், நம் புதிய கோவிலின் கோபுரத்தில், கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே இருக்கிறது அவன் வேர்வை. 2020 மே மாதத்தில் கொரோனா முடக்கத்தின்போது, மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு எளாவூர் வழியே கொல்கத்தா நெடுஞ்சாலையில் வடக்கு நோக்கி நடந்தபோதுதான் இவர்கள் இத்தனை பேர் இங்கிருந்தார்கள் என்பதே நம்மில் பலருக்குத் தெரியவந்தது. அப்போது தண்ணீரும் உணவும் கொடுத்தோம், உண்மை. அவர்கள் திரும்பி வந்தபின் மீண்டும் கண்ணை மூடிக்கொண்டோம், அதுவும் உண்மை.

இதில் நாம் சிறப்பாக வெட்கப்படவேண்டிய செய்தி ஒன்றுண்டு. ஜார்க்கண்டிலிருந்து வேலை தேடிப் புறப்படும் உராவோன், முண்டா, காரியா இளைஞர்களுள் கத்தோலிக்கர் பலர். அவர்களுடைய பாட்டன்மார் திருமுழுக்குப் பெற்ற வரலாறு நமக்குப் பாடமாக இருக்கத்தக்கது. பெல்ஜிய நாட்டு இயேசு சபைக் குரு கான்ஸ்டன்ட் லீவன்ஸ் 1885இல் சோட்டாநாக்பூருக்குச் சென்றார். நிலத்தைப் பறிகொடுத்து, ஜமீன்தார்களுக்கு வெட்டி வேலை செய்துகொண்டிருந்த பழங்குடி மக்களைக் கண்டார். அவர் தம் ஆளுமையை எப்படி வளர்த்துக்கொண்டார் தெரியுமா? அவர்களுடைய மொழிகளைக் கற்றார். குத்தகைச் சட்டத்தையும் கூலிச் சட்டத்தையும் கற்றார். வழக்காட வழி சொன்னார். ஏழே ஆண்டுகளில் காசநோய் அவரை வீழ்த்தியது. 1893இல் தாயகத்தில் இறந்தார். அவர் நட்ட திருச்சபையின் பேரப்பிள்ளைகள் இன்று நம் ஊர் உலைகளின் முன் நிற்கிறார்கள். ஞாயிறு காலையில் நம் ஆலயத்தின் பின்வரிசையில் வந்து நின்று, தமிழ்த் திருப்பலியில் ஒரு சொல்லும் விளங்காமல், சிலுவை அடையாளம் மட்டும் போட்டுவிட்டுப் போகும் கறுத்த இளைஞனிடம், 'தம்பி, எந்த ஊர்?' என்று நாம் கேட்டிருக்கிறோமா?

நோக்கத்தைக் கண்டடைய வேண்டுமானால் கண்ணாடிமுன் அமர்ந்து 'நான் யார்?' என்று கேட்கச் சொல்லுகிறார்கள். கர்தினால் கார்டைன் கேட்கச் சொன்ன கேள்விகள் வேறு. அவரும் பெல்ஜியத்தவரே. குருமடத்திலிருந்து விடுமுறைக்கு ஊர் திரும்பியபோது, உடன்படித்த நண்பர்கள் ஆலைக்கூலிகளாகிவிட்டதையும், தம்மை ஓர் எதிரியைப் போல் பார்ப்பதையும் கண்டு அவர் நெஞ்சுடைந்தார். 1903இல் தந்தை இறந்தபோது, தம் வாழ்வைத் தொழிலாளருக்கென்று அளிக்க உறுதிபூண்டார். 1925இல் இளம் கிறிஸ்தவத் தொழிலாளர் இயக்கம் பிறந்தது. எத்தனை மணிக்கு எழுகிறாய், எவ்வளவு கூலி, உன் பக்கத்தில் நின்று வேலை செய்பவனுக்கு என்ன நேர்ந்தது? இவைபோன்ற எளிய வினவல்களிலிருந்துதான் அவ்வியக்கத்தின் 'பார், தீர்ப்பிடு, செயல்படு' முறை வளர்ந்தது. 1961இல் திருத்தந்தை 23ஆம் யோவான் 'மாத்தேர் எத் மஜிஸ்த்ரா' சுற்றுமடலில் அதைத் திருச்சபை முழுமைக்கும் பரிந்துரைத்தார். கூச்சமுள்ள பதினாறு வயதுத் தொழிலாளிப் பிள்ளைகள் அந்த முறையினால் பேச்சாளர்களாகவும் தலைவர்களாகவும் வளர்ந்தார்கள். வளர்ச்சி அவர்கள் தேடிப்போன பொருளன்று. அயலானுக்காக நடந்த வழியில் தானே அவர்களை வந்தடைந்தது. 2025 மே மாதம் பொறுப்பேற்ற நம் திருத்தந்தை, தொழிலாளர் நிலையைப் பற்றி 1891இல் 'ரேரும் நோவாரும்' எழுதிய 13ஆம் லியோவை நினைந்தே லியோ என்ற பெயரைத் தேர்ந்துகொண்டதாகச் சொல்லியிருக்கிறார். பெயரைக் கேட்டு மகிழ்ந்து மாலை போட்டோம். ரோலிங் மில் வாசலுக்கு அந்த மகிழ்ச்சி போய்ச் சேர்ந்ததா?

நம்மோடு மாறுபடுவோர் உடனே ஒரு நியாயத்தை எடுத்துவைப்பார்கள். 'ஏழைப் பிள்ளைக்கு ஆங்கிலம் வேண்டும், கணினி வேண்டும், நேர்காணலில் தலைநிமிர்ந்து பேசும் துணிவு வேண்டும். வசதி படைத்த நீங்கள் அதைக் கேலி செய்வது எளிது' என்பார்கள். இதை நாம் ஒதுக்கித் தள்ளவில்லை. அந்தத் துணிவு இல்லாமையால் வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்ட பிள்ளைகளை நாமும் அறிவோம். கற்றுக்கொடுங்கள்; இன்னும் அதிகமாக, ஒருநாள் கைதட்டலாக இன்றி ஓராண்டுப் பயிற்சியாகக் கற்றுக்கொடுங்கள். ஆனால் ஆங்கிலம் பேசக் கற்றவன் அந்த நாவை எதற்குப் பயன்படுத்துவான் என்ற கேள்வியையும் அதே மண்டபத்தில் கேட்போம். கொஞ்சம் இந்தி கற்ற நம் பிள்ளை, காயம்பட்ட ஒரு வடமாநிலத் தொழிலாளியோடு இ.எஸ்.ஐ. மருத்துவமனை வரை போய்த் துணைநிற்கலாம். வணிகவியல் படித்த பிள்ளை, அவர்களுடைய சம்பளச் சீட்டில் வருங்கால வைப்பு நிதிப் பிடித்தம் எங்கே போகிறது என்று பார்த்துச் சொல்லலாம். வெளிமாநிலத் தொழிலாளர்க்கென்று 1979இலேயே சட்டம் செய்யப்பட்டது. அதை வாசித்துக் காட்டுவார் இல்லாமலே ஒரு தலைமுறை உழைத்து ஓய்ந்துவிட்டது. 'திருச்சபை என்ன தொழிற்சங்கமா?' என்று கேட்போருக்கு மறுமொழி கூற நாம் விரும்பவில்லை. கூலி கொடுபடாத அறுவடையாளரின் கூக்குரல் ஆண்டவரின் செவியில் எட்டியதாக எழுதிய யாக்கோபிடம் அவர்கள் கேட்டுக்கொள்ளட்டும்.

முகாம் மக்களோ, நாம் வந்து கற்றுத்தரக் காத்திருக்கவில்லை. 1983 கலவரத்துக்கு அடுத்த ஆண்டே, தந்தை செல்வாவின் மகன் சந்திரகாசன் சென்னையில் ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்தைத் தொடங்கினார். ஏதிலியரே ஏதிலியருக்குத் தொண்டுசெய்யும் அமைப்பு அது. 1991க்குப் பின் கல்லூரிக் கதவுகள் சில காலம் அவர்கள் பிள்ளைகளுக்கு அடைபட்டபோதும் படிப்பை அவர்கள் விட்டுவிடவில்லை. அருட்தந்தை அருப்பே 1980இல் தொடங்கிய இயேசு சபை அகதிகள் பணி, இம்முகாம்களில் மாலை வகுப்புகளுக்கு ஊக்கமளித்தது. அங்கே கற்பித்தவர்கள் முகாமில் வளர்ந்த அண்ணன்மாரும் அக்காமாருமே. 1986இல் மண்டபத்தில் பிறந்த ஒரு பெண், 1987க்கு முன் பிறந்ததால் தாம் இந்தியர் என்று நீதிமன்றம் சென்று வாதாடி, கடவுச்சீட்டுப் பெற்று, 2024 மக்களவைத் தேர்தலில் முதன்முறையாக வாக்களித்தார். எல்லை எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அதனால்தான் அதைக் கடக்கவும் முடிந்தது.

தாளில் எதுவும் எழுதாத அந்தப் பெண்ணைப் பின்னர் ஒருமுறை முகாமில் கண்டோம். வீட்டு வாசலில் ஒரு குழல்விளக்கின்கீழ் பதினைந்து பிள்ளைகளை உட்காரவைத்துக் கணக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். அவர்களுள் இருவர் பக்கத்துக் குடியிருப்பில் வாடகைக்கு இருந்த ஒடிசாக் குடும்பத்துப் பிள்ளைகள். தமிழெழுத்தை அவளிடம்தான் கற்றுக்கொண்டிருந்தார்கள். பயிலரங்கைப் பற்றி அவள் ஒரு சொல்லும் சொல்லவில்லை. மழைக்காலத்தில் வாசலில் உட்கார முடிவதில்லை என்றும், வாரத்தில் மூன்று மாலை பங்கு மண்டபத்தைத் திறந்துவிட முடியுமா என்றும் மட்டும் கேட்டாள்.

பங்குப் பேரவையில் அதை முன்வைத்தோம். மின்கட்டணம் பற்றி ஒருவர் பேசினார். திருமண முன்பதிவுகள் பற்றி ஒருவர் பேசினார். வெளியார் வந்துபோனால் பொருள்களுக்கு யார் பொறுப்பு என்று இன்னொருவர் கேட்டார். அடுத்த கூட்டத்தில் பரிசீலிக்கலாம் என்று குறிப்பேட்டில் எழுதிக் கையெழுத்திட்டோம். நம் கையெழுத்தும் அதில் இருக்கிறது. அடுத்த கூட்டத்தில் திருவிழா வரவுசெலவு நேரத்தை எடுத்துக்கொண்டது. அதற்கடுத்த கூட்டத்தில் கோடைப் பயிலரங்குக்கு நாள் குறித்தோம். அந்தக் குறிப்பேட்டை நாம் இப்போது மீண்டும் திறந்திருக்கிறோம். இம்மாதக் கூட்டத்தின் முதற்பொருளாக மண்டபச் சாவியை வைக்கக் கேட்டிருக்கிறோம். இதை வாசிக்கும் பிற பங்குகளின் பேரவையாளரும் தத்தம் குறிப்பேடுகளைச் சற்றுப் புரட்டிப் பார்க்கட்டும்.